லேப் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் சர்வர் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, லேப்புக்குப் புதிதாக வந்த ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, லேப் சர்வரில் இருக்கும் என் ஃபோல்டரைப் பார்த்தேன். இரண்டு வருடம் உழைத்துச் சேர்த்த கோப்புகள் எல்லாவற்றுக்கும் நேரே உரிமையாளர் என்று முதலாண்டு மாணவர் ஒருவரின் பெயர் இருந்தது. அவர் மேல் தப்பே இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் அவருக்கு 1001 என்ற எண்ணில் கணக்குத் திறந்திருந்தார்கள். சர்வரில் 1001 நான். என் கோப்புகளை அவர் திருத்தலாம், அழிக்கலாம். எனக்கு 'பெர்மிஷன் டினைட்'. புகார் சொன்னதும் கிடைத்த தீர்வு 'சிஎச்மாட் 777', அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிடும் கட்டளை. என் பூட்டைச் சரிசெய்யச் சொன்னேன், கதவையே கழற்றிவிட்டார்கள்.

சர்வரின் ஃபோல்டர்களை நெட்வொர்க் வழியாக மற்ற கம்ப்யூட்டர்களுக்குக் காட்டுவது என்எஃப்எஸ். அதற்கு நம் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். வழக்கமான 'செக்=சிஸ்' முறையில், "நான் 1001" என்று கிளையன்ட், அதாவது நாம் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர், சொன்னால் சர்வர் அப்படியே நம்பும். பாஸ்வேர்ட் கேட்காது. 1984-இல் சன் நிறுவனம் இதைக் கொண்டுவந்தபோது ஒரு நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் ஒரே அட்மின் கையில் இருந்தன. எல்லா அதிகாரமும் உள்ள 'ரூட்' கணக்கு என்றால் அட்மின்தான். இன்று ஒவ்வொரு மாணவரும் தன் லேப்டாப்பில் ரூட்.

'ரூட் ஸ்குவாஷ்' போட்டிருக்கிறோமே என்பீர்கள். போடத்தான் வேண்டும், ஆனால் அது ரூட்டின் எண்ணான பூஜ்யத்தை மட்டும்தான் தடுக்கும். தன் லேப்டாப்பில் ரூட்டாக இருப்பவர் 1001 என்று ஒரு கணக்கை உருவாக்கி அதற்கு மாறினால் என் கோப்புகள் அவருக்குத் திறந்துவிடும். என்எஃப்எஸ் பதிப்பு நான்குக்கு மாறினாலே போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதில் உரிமையாளர் பெயர் எழுத்தாகப் போக வழி இருக்கிறது, சரி. 'செக்=சிஸ்' அப்படியே இருந்தால், கேட்பவர் யார் என்பதை அதுவும் எண்ணை வைத்துத்தான் முடிவுசெய்கிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. கோப்புகளைப் பலர் பகிர்ந்துகொள்ள ஒருவரைப் பல குழுக்களில் சேர்ப்பார்கள். 'செக்=சிஸ்' முறையில் அந்தக் கூடுதல் குழுக்களில் 16 மட்டுமே சர்வருக்குப் போகும். பல திட்டங்களில் வேலை செய்பவருக்கு, பட்டியலில் 17-ஆவதாக இருக்கும் குழுவின் கோப்பு திறக்காது. உரிமை உள்ளவர் வெளியே நிற்க, எண்ணை மாற்றிச் சொன்னவர் உள்ளே போய்விடுகிறார்.

அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகக் கணக்குத் திறப்பதை நிறுத்துங்கள். கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் எல்டேப் வழியாக ஒருவருக்கு எல்லா இடத்திலும் ஒரே எண் கிடைக்கட்டும். அப்புறம், கேட்பவர் யார் என்பதைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் கொண்டுவாருங்கள். அதில் கிளையன்ட் சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை. பயனர் தன் பாஸ்வேர்டால் பெற்ற டிக்கெட்டைக் காட்ட வேண்டும். கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் டிக்கெட் செல்லாது, இரவெல்லாம் ஓடும் வேலை டிக்கெட் காலாவதியாகிப் பாதியில் நிற்கும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நேரத்தை, கடிகாரங்களை ஒத்துப்போக வைக்கும் என்டிபி பார்த்துக்கொள்ளும். இரவு வேலைகளுக்கு, பாஸ்வேர்ட் தட்டாமலே டிக்கெட் வாங்க உதவும் கீடேப் என்ற சாவிக்கோப்பு இருக்கிறது. கொஞ்ச நாள் சிரமம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

அதுவரை, எந்த ஃபோல்டரை எந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது என்று சர்வரில் எழுதியிருக்கும் 'எக்ஸ்போர்ட்ஸ்' கோப்பை இன்றே திறந்து பாருங்கள். எந்த வரியிலாவது 'எந்தக் கம்ப்யூட்டரும் வரலாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி இருந்தால் அதை எடுத்துவிட்டு, உங்கள் பொறுப்பில் இருக்கும் கம்ப்யூட்டர்களின் முகவரியை மட்டும் எழுதுங்கள். ரூட்டுக்கான தடுப்பை அணைத்துவிடும் 'நோ ரூட் ஸ்குவாஷ்' கண்ணில் பட்டால் அதையும் நீக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஆய்வு மாணவன்