கூரை ஏறும் வயர்மேனுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைப்போருக்கு ஒன்றிய அரசு தரும் மானியம் பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்திகள் வருகின்றன. மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் கிடைக்கும் என்பதும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது என்பதும் வாசகர்கள் பலருக்கும் இப்போது தெரியும். ஆனால் அந்தத் தகடுகளை மாடிக்கு ஏற்றிப் பொருத்தி, மின்வாரியத்தின் கம்பியோடு இணைப்பவர் யார், அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்ற கேள்வியை யாரும் எழுப்பி நான் படித்ததில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரீஷியன் பிரிவுப் பயிற்றுநராக முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடந்த கோடையில், என் உறவினர் ஒருவர் வீட்டு மாடியிலிருந்து கருகிய வாடை வருவதாக என்னை அழைத்தார்கள். மூன்று கிலோவாட் அமைப்பு. பொருத்தி ஆறு மாதம்கூட ஆகவில்லை. போய்ப் பார்த்தபோது, தகடுகளிலிருந்து, அவற்றின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கு வரும் கம்பியில் ஒரு கனெக்டர் உருகிப்போயிருந்தது; அதன் அடியில் தளத்து ஓடும் கறுத்திருந்தது. ஒரு கம்பெனியின் கனெக்டரை வேறொரு கம்பெனியின் கனெக்டரில் செருகியிருந்தார்கள். உள்ளே இருக்கும் உலோக முனையை அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்துவதற்குப் பதிலாகக் கட்டிங் பிளேயரால் நசுக்கியிருந்தார்கள். சரியாகப் பிடிக்காத அந்த இணைப்பு வெயில் ஏற ஏறச் சூடாகி, நாளடைவில் உருகிவிட்டது. நல்ல வேளையாகப் பக்கத்தில் துணியோ விறகோ இல்லை.

வேலை செய்தவரை வரச் சொன்னார்கள். வந்து நின்றவர் 2009ஆம் ஆண்டு என்னிடம் படித்த மாணவர். வகுப்பில் கைத்திறன் மிக்கவர் என்று நானே பாராட்டியவர். "சார், வீட்டு வயரிங் நீங்க சொல்லிக் கொடுத்தீங்க, தப்பில்லாம செய்யறேன். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கலையே" என்றார். இதுவரை நாற்பது வீடுகளுக்குமேல் பொருத்தியிருப்பதாகவும் சொன்னார். முதல் இரண்டு வீடுகளில் வேறொருவர் செய்வதை அருகிலிருந்து பார்த்ததுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. எங்கள் பாடத்திட்டத்தில் அன்று இது இல்லை.

வீட்டு வயரிங் தெரிந்தவருக்கு இதுவும் தானாக வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் ஆபத்தானது. வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடிக்கு நூறு முறை சுழியை (பூஜ்யத்தை) தொட்டு மீள்வதால், இணைப்பு விலகும்போது எழும் தீப்பொறி பெரும்பாலும் தானே அணைந்துவிடும். தகடுகளிலிருந்து வரும் நேர்திசை மின்னோட்டம் அப்படிச் சுழிக்கு இறங்குவதே இல்லை. எழுந்த பொறி நின்று எரியும். ஐந்தாறு தகடுகளை வரிசையாக இணைத்தாலே மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டிவிடும். மேலும், "முதலில் மெயினை அணை, பிறகு கம்பியைத் தொடு" என்று நாங்கள் ஆண்டுக்கணக்கில் ஓதிய பாடம் இங்கே போதாது. மெயினை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து வரும் கம்பியில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். இருபது ஆண்டு அனுபவம் உள்ள வயர்மேனுக்கு அந்தப் பழைய பாடம் கையில் ஊறியிருப்பதால், புதிதாக வருபவரைவிட அவருக்கே இந்த இடத்தில் பயிற்சி கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மின்சாரத்தோடு வேலை முடிவதில்லை. எங்கள் கடலூர்ப் பகுதியில் 2011 டிசம்பரில் தானே புயல் அடித்ததை மறந்தவர் இல்லை. தகடுகளுக்கு அடியில் ஆள் நடமாட வேண்டும் என்று அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை உயர்த்திக் கட்டச் சொல்லும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. உயர உயரக் காற்று அதைத் தூக்கும் விசையும் கூடும் என்பதையும், கால்களை எப்படி ஊன்ற வேண்டும் என்பதையும் பொருத்துபவர் அறிந்திருக்க வேண்டும். தளத்தில் பதித்த ஓடுகளைத் துளைத்துப் போல்ட் இறக்கினால் அடுத்த ஐப்பசியில் வீடு ஒழுகும். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டின்மேல் விழுந்தாலும் அது அந்த வரிசையின் உற்பத்தியைக் குறைக்கும். இடிதாங்கிக்குத் தனி எர்த் வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் இடுப்புக் கயிறுகூடக் கட்டாமல் நடப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

பயிற்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் வழியாக 2015 முதல் சூரியமித்ரா என்ற பெயரில் 600 மணிநேரப் பயிற்சி, தங்குமிடத்தோடு கட்டணமின்றி அளிக்கப்பட்டு வருகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கென ஓராண்டு சோலார் டெக்னீஷியன் பிரிவும் வகுக்கப்பட்டிருக்கிறது. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞருக்கு இவை நல்ல வழிகள். ஆனால் நான் பார்த்தவரை, ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் பொருத்தும் வேலையை உள்ளூர் வயர்மேனிடம் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி விட்டுவிடுகிறது. அவருக்கு முப்பத்தைந்து நாற்பது வயது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அன்றாடக் கூலியில் குடும்பம் நடக்கிறது. மூன்று மாதம் வேறு ஊரில் போய்த் தங்கிப் படிக்க அவரால் எப்படி முடியும்?

ஆகவே பயிற்சி அவர் இருக்கும் ஊருக்கு வர வேண்டும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் கட்டடமும் பணிமனையும் இருக்கின்றன. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவை பூட்டிக் கிடக்கின்றன. வளாகத்தில் நான்கடி உயரத்தில் ஒரு மாதிரிக் கூரை கட்டலாம். அதில் ஒரு பாதி கான்கிரீட் தளமாகவும் மறுபாதி தகர ஓடாகவும் இருந்தால் எங்கள் ஊர் வீடுகளுக்குப் பொருந்தும். வகுப்பறையில் படம் காட்டுவதைக் குறைத்து, அந்தக் கூரையில் ஏறிக் கனெக்டரை அழுத்தவும், மெகர் என்னும் அளவுகருவியை வைத்துக் கம்பியின் மேலுறை மின்கசிவைத் தடுக்கும் காப்புத்திறனைச் சோதிக்கவும், பயிற்றுநர் வேண்டுமென்றே வைத்த பழுதைக் கண்டுபிடிக்கவும் பழக்க வேண்டும். பயிற்சிக்காக வேலைக்குப் போகாத நேரத்தின் கூலியில் ஒரு பகுதியையாவது உதவித்தொகையாகத் தந்தால்தான் ஆட்கள் வருவார்கள். பாடநூல் தமிழில், வயர்மேன்கள் புழங்கும் சொற்களிலேயே இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பயிற்றுநர்களைக் கற்க அனுப்ப வேண்டும். நானே இதை ஓய்வுபெற்ற பிறகு, சொந்த முயற்சியில்தான் கற்றேன்.

தேர்ச்சி பெற்றவருக்குத் தனியாக ஓர் அட்டை கொடுப்பதைவிட, அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் வயர்மேன் சான்றிலேயே இத்தகுதியைப் பதிவு செய்வது பயன் தரும். வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வீட்டிலிருந்து போகும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் கேட்டு மின்வாரியத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில், நிறுவனத்தின் பெயரோடு பொருத்தியவரின் பெயரும் சான்று எண்ணும் இடம்பெற வேண்டும் என்று விதித்தால், பயிற்சி பெற்றவரைத் தேடிப் பிடிக்கும் தேவை நிறுவனங்களுக்குத் தானாக வரும், கூலியும் உயரும். மானியம் நின்றபின் இந்தத் தொழில் என்னவாகும் என்று அஞ்சுவோரும் உண்டு. தகடுகளுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் எழுதித் தருகிறார்கள்; இன்வெர்ட்டர் அதற்கு முன்பே மாற்ற வேண்டி வரும். இன்று பொருத்தப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் அத்தனை ஆண்டுகளும் பராமரிப்பு வேலை இருக்கிறது.

அந்த மாணவரும் நானும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பொருத்திய வீடுகளுக்குப் போய்ச் சரிபார்த்து வருகிறோம். இதுவரை பார்த்த பதினோரு வீடுகளில் மூன்றில் அதே பழுதைக் கண்டு மாற்றியிருக்கிறோம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையும் மின்வாரியமும் சேர்ந்து, மாவட்டத்துக்கு ஒரு நிலையத்திலாவது வரும் கல்வியாண்டில் இந்த மாலை வகுப்பைத் தொடங்க வேண்டுகிறேன். முதல் ஆளாகச் சேர அவர் காத்திருக்கிறார். ஊதியம் எதுவும் இன்றிக் கற்பிக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
கடலூர் மாவட்டம்.