கை ஓயாத ஓராண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்கத்தின் உறுப்பினர்களே, அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, மருமகள்களே, பேரக் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் காவிரிக் கரையை ஒட்டிய நம் தெருக்களின் மூத்தோர் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். அதற்கு முன், இந்த ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். முட்டி வலி உள்ளவர்கள் உட்கார்ந்தபடியே கைகூப்பினால் போதும். பிரிந்தவர்களில் ஓர் அம்மாள் மார்கழி முழுக்கத் தன் கையாலேயே வாசலில் கோலம் போட்டுவிட்டு, தை பிறந்த பிறகு கண்மூடினார். அவர் கடைசியாகப் போட்ட புள்ளிக் கோலத்தைப் பேத்தி தன் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள்.

போன சித்திரையில் நடந்த பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "எம் மருமக தங்கமான பொண்ணு. ஒரு டம்ளரைக்கூடக் கழுவ விடமாட்டா. 'நீங்க உக்காருங்கத்தே'ம்பா. உக்காந்து உக்காந்து பொழுதே நகர மாட்டேங்குது." அவர் குறையாகச் சொல்லவில்லை. அந்த மருமகள் மேல் உள்ள பாசம் அவர் குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். வீட்டுக்கு ஒரு வேலையாவது பெரியவர் கைக்குத் திரும்பி வர வேண்டும் என்று அன்றே தீர்மானம் போட்டோம். இந்த ஆண்டின் பணி முழுவதும் அதிலிருந்து வந்ததுதான்.

செயற்குழுவினர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடமும் மருமகள்களிடமும் பேசினோம். அவர்களுடைய பயம் நியாயமானது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவது, கிணற்றடி ஈரத்தில் வழுக்கி விழுவது எல்லாம் நம் தெருவிலேயே நடந்திருக்கின்றன. அதனால் எந்த வேலை, எந்த இடத்தில், எப்படி என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். தரையில் அரிவாள்மணை வேண்டாம்; நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆயலாம், பூண்டு உரிக்கலாம். துணி துவைக்க வேண்டாம். கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டிவிட்டால் உலர்த்தவும் மடிக்கவும் முடியும். வாழைப்பூவில் கள்ளன் என்கிற வேகாத நரம்பை எடுக்கும் வேலை நம்மவர்களுக்கென்றே அமைந்தது. அவசரமாக அலுவலகம் கிளம்பும் பெண்ணுக்கு அதற்கு நேரம் ஏது? பல வீடுகளில் வாழைப்பூ வாங்குவதையே விட்டிருந்தார்கள். இப்போது பருப்புசிலி மறுபடி இலைக்கு வந்திருக்கிறது.

ஆண் உறுப்பினர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் கதையையே சொல்கிறேன். தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். என் மனைவிக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆனபோதுதான் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் வேலைக்காகக் காலை வைத்தேன். வாசல் பெருக்குவது, ஃபில்டரில் பொடி போட்டு டிகாஷன் இறக்குவது, இரவு உளுந்து ஊறப்போடுவது என்று ஒவ்வொன்றாக அவள் கட்டிலில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தாள். உளுந்து ஊறியதா என்று பார்க்க ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை எழுந்து போனேன். அந்த ஒரு நடையை அவள் நாற்பது வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறாள், நான் தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அவளுக்கு, இந்தச் சபையில் என் நன்றியைச் சொல்லிக்கொள்கிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு ராத்திரியில் மாமியாருக்கு ஒத்தடம் கொடுத்த என் மருமகளுக்கும்.

ஆடிப்பெருக்கு இந்த முறை மறக்க முடியாதபடி அமைந்தது. வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணை தண்ணீர் இல்லாமல் மூடியே கிடந்தது. கர்நாடகத்தில் மழை கொட்டி, ஜூலை 28-இல் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டது. ஆகஸ்ட் 3 அன்று சக்கரப் படித்துறையில் நம் உறுப்பினர்கள் மேல்படியிலேயே உட்கார்ந்துகொள்ள, பேரப்பிள்ளைகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் முழுக்க முழுக்கப் பெரியவர்கள் கைப்பக்குவம்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். 1990-இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்த நாள் அது. எல்லா இடத்திலும் அன்று நமக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். நாங்கள் அஞ்சலட்டை வாங்கினோம். அஞ்சலட்டை இன்னமும் 50 காசுதான். ஒவ்வொருவரும் தம் மகனுக்கோ, மகளுக்கோ, மாப்பிள்ளைக்கோ ஒரு நன்றியை எழுத வேண்டும். பொதுவாக எழுதக்கூடாது, அவர் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டு எழுத வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எழுதப்படிக்கத் தெரியாத ஓர் உறுப்பினர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள்: "ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா முழிச்சிருந்து என் காலைப் பிடிச்சுவிட்டியே தம்பி, அப்ப நான் தூங்கலை, எனக்குத் தெரியும்." திருப்பூரில் இருக்கும் அந்த மகன் அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று அட்டையை வாங்கி, எழுதாமலே திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களை நாங்கள் வற்புறுத்தவில்லை. நன்றி சொல்லும்படியான வீடு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 பற்றி விளக்கினோம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். கவனித்துக்கொள்வதாக எழுதி வாங்கிய சொத்தைக் கவனிக்காமல் விட்டால் அந்த எழுத்தை ரத்து செய்யவும் வழி இருக்கிறது. 14567 என்ற இலவச உதவி எண்ணைச் சங்கப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். அவர்களுக்குச் சமையல், பேச்சுத்துணை, மருந்துக்கடை நடை எல்லாமே இப்போது பக்கத்து வீட்டு உறுப்பினர்கள்தான். குடும்பம் என்பதில் அதையும் சேர்த்தே நான் எண்ணுகிறேன்.

நவம்பரில் ஓய்வூதியர்களுக்கான உயிர்வாழ் சான்றிதழ் முகாம் நடந்தது. பாத்திரப் பட்டறையில் வாழ்நாளெல்லாம் சுத்தியல் பிடித்த ஓர் உறுப்பினரின் விரல்ரேகை எந்திரத்தில் விழவே இல்லை. தேய்ந்துபோயிருந்தது. முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் வசதியில்தான் அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. எண்பது வயது நிறைந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அடுத்த முறை நவம்பர் கூட்டத்தில் அவர்களை நிற்க வைக்கக்கூடாது.

பங்குனியில் வடாம் போட்டோம். முந்தின இரவே ஜவ்வரிசியை ஊறவைத்து, விடியற்காலையில் கூழ் கிளறி, பச்சை மிளகாய் அரைத்த விழுதும் உப்பும் பெருங்காயமும் சேர்த்து, ஆறிய பிறகு எலுமிச்சை பிழிந்து, வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில் பழைய வேட்டிகளை விரித்து ஊற்றி முடித்துவிட்டோம். கூழ் கிளறுவதை மட்டும் மருமகள்கள் எங்களிடம் விடவில்லை, அது சரிதான். காக்காய் விரட்டும் பொறுப்பைப் பேரப்பிள்ளைகள் ஏற்றார்கள். மூன்றாம் நாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தபோது, எந்த வடாம் யார் ஊற்றியது என்று பாட்டிகள் பார்த்ததுமே சொன்னார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பொட்டலங்கள் போயின.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இடம் கொடுத்தவர்களுக்கும், நாற்காலி சுமந்த தெரு இளைஞர்களுக்கும் நன்றி. வரும் ஆண்டில் கொடிகளை இறக்கிக் கட்டும் வேலை இன்னும் சில வீடுகளில் பாக்கி இருக்கிறது. அதை ஆடிக்குள் முடிக்க வேண்டும். இன்றைய சாப்பாட்டுக்கு வாழைப்பூ ஆய்ந்தவர்கள் பின் வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் எழுந்து நின்று முகம் காட்டிய பிறகு, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.