அந்த அழுகை எதற்கு, ஜூலியெத்தா அம்மா?

அன்புள்ள ஜூலியெத்தா மசீனா அம்மாவுக்கு,

இன்று அக்டோபர் 30, உங்கள் கல்யாண நாள். 1943ல் ரோம் நகரம் ஜெர்மன் படையின் பிடியில் கிடந்தபோது நடிகையான நீங்கள் இயக்குநர் ஃபெல்லினியை எப்படிக் கல்யாணம் செய்துகொண்டீர்கள், அதற்கு முன் அவர் வானொலிக்கு எழுதிய தொடரில் பல்லீனா என்ற பெண்ணாகக் குரல் கொடுக்கப் போய் எப்படிப் பழக்கமானீர்கள் என்பதையெல்லாம் உங்களிடமே சொன்னால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஐம்பதாவது கல்யாண நாள் எப்படிக் கழிந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

விஷயம் வேறு. பதினொரு வருடம் முன்பு இதே வலைப்பூவில் உங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். ‘நிழலாக நின்றவர்’ என்று தலைப்பு. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். ஒரு கலைஞனுக்கு மனைவி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு உங்களை உதாரணம் காட்டியிருந்தேன். நேற்று ராத்திரி அதை எடுத்துவிட்டேன். காணவில்லையே என்று தேடி வருகிறவர்களுக்கும் இந்தக் கடிதம்தான் பதில்.

உங்களுக்குக் கடிதம் ஒன்றும் புதிதில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் இத்தாலிய வானொலியில் நேயர் கடிதங்களுக்கு உட்கார்ந்து பதில் சொன்னவர் நீங்கள். அந்த நிகழ்ச்சியின் பெயரே ‘திறந்த மடல்கள்’தான். எத்தனை பெண்கள் எத்தனை புருஷன்களைப் பற்றி எழுதியிருப்பார்கள்! தப்புச் செய்த புருஷன் எவனாவது தானே எழுதினானா, தெரியவில்லை. இதை அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

1993 மார்ச் 29, லாஸ் ஏஞ்சலஸ். அவருடைய வாழ்நாள் சாதனைக்காக ஆஸ்கர் கொடுக்கிறார்கள். மேடையில் சோஃபியா லாரன் ஒரு பக்கம், அவர் படங்களில் நடித்த மாஸ்த்ரோயானி ஒரு பக்கம். அரங்கமே எழுந்து நின்று கை தட்டுகிறது. எல்லாரும் உட்காருங்கள், இங்கே சிரமப்பட வேண்டிய ஆள் நான் ஒருவன்தான் என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கிறார். நன்றி சொல்லும்போது ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லப் போகிறேன் என்கிறார். உங்கள் பெயர். நன்றி ஜூலியெத்தா என்றவர், அதோடு நிறுத்தாமல், தயவுசெய்து அழுவதை நிறுத்து என்கிறார். கேமரா உங்கள் பக்கம் திரும்புகிறது. முகம் முழுக்கக் கண்ணீர். கூட்டம் சிரிக்கிறது, கை தட்டுகிறது.

அந்தக் காட்சியை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். உலகத்திலேயே அழகான காதல் வசனம் அதுதான் என்று என் கட்டுரையில் எழுதினேன். அதற்கு இரண்டு வருடம் கழித்து அதை நானே சொல்லிப் பார்த்தேன்.

எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. யார் கொடுத்தார்கள், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். சிறுகதைத் தொகுப்புக்கு. ஏற்புரை சொல்ல மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடனே நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள். நாங்களும் வானொலி நாடகத்தில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்தான். நான் எழுதுவேன், அவள் குரல் கொடுப்பாள். அந்தத் திமிரும் சேர்ந்துகொண்டது. “இவளுக்குத்தான் எல்லா நன்றியும்” என்றேன். “அழறத நிறுத்தும்மா, எல்லாரும் பாக்கறாங்க” என்றேன். கூட்டம் சிரித்தது. நான் ஃபெல்லினி இல்லை என்பது அந்த அரங்கில் எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

ஆட்டோவில் திரும்பினோம். கேடயம் என் மடியில் இருந்தது, பொன்னாடை அவள் மடியில். பாதி வழி வந்த பிறகு கேட்டாள்.

“அந்தம்மா எதுக்கு அழுதாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“சந்தோஷத்துலதான்” என்றேன்.

“சரி” என்றாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என் எந்தக் கூட்டத்துக்கும் அவள் வந்ததில்லை. அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் காபி குடிக்கும்போது அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவாளே, பஸ்ஸில் பார்த்தது, மாடி வீட்டுப் பாட்டி சொன்னது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். எனக்கு அது உறைக்க நாலு வருடம் ஆயிற்று. புதிதாக எழுத ஒன்றும் வரவில்லையே என்று நண்பர்களிடம் புலம்பிக்கொண்டிருந்த நாலு வருடமும் அதுதான்.

பரிசு வாங்கிக் கொடுத்த கதை எங்கள் வீட்டில் நடந்தது. இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். இதை இரண்டு குடும்பத்தாரும் படிப்பார்கள். ‘அதில் வருகிற அவள் யார்’ என்று ஏற்கெனவே இரண்டு பேர் போன் செய்து கேட்டாயிற்று.

என் பக்கத்து நியாயத்தையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு எனக்கும் தொண்டை அடைத்திருந்தது. அவளை இன்னும் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் மேடையிலேயே உடைந்திருப்பேன். அதை மறைக்கத்தான் சிரிப்பாக்கினேன். உங்கள் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. பாருங்கள், மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தவன் வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம், உங்கள் வீட்டுக்காரர் எடுத்து நீங்கள் கபிரியாவாக நடித்த ‘கபிரியாவின் இரவுகள்’ படத்தை மறுபடி பார்த்தேன். முதல் காட்சியிலேயே கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு உங்களை டைபர் ஆற்றில் தள்ளிவிட்டு ஓடுகிறான் ஒருவன். கடைசியில் இன்னொருவன், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லியே, வீடு விற்ற காசு மொத்தத்தையும் கொண்டுபோகிறான். கபிரியா காட்டுப் பாதையில் நடந்து வருகிறாள். இளைஞர்கள் பாடிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் சூழ்ந்துகொள்கிறார்கள். மை கரைந்து கண்ணுக்குக் கீழே ஒற்றைக் கறுப்புத் துளியாக நிற்கிறது. அந்தத் துளியோடு சிரிக்கிறாள். அப்புறம் ஒரு கணம் எங்களைப் பார்க்கிறாள். அந்த ஒரு கணத்துக்காகவே 1957ல் கான் விழாவில் உங்களுக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்திருப்பார்கள்.

அப்போதுதான் தோன்றியது. அழு என்று சொன்னவரும் அவர்தான்; அழாதே என்று சொன்னவரும் அவர்தான்.

அந்த மேடைக்கு முன்பே அவர் படங்கள் வாங்கிய பிறமொழிப் பட ஆஸ்கர்கள் நான்கு. முதல் இரண்டும், ‘லா ஸ்த்ராதா’வும் ‘கபிரியா’வும், உங்கள் முகத்தின் மேல் நிற்கிற படங்கள். உங்கள் பெயரை ஆஸ்கர்காரர்கள் ஒரு தடவை பரிந்துரைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. அவர் கையில் சிலையைக் கொடுத்து, அழாதே என்று சொல்லும் உரிமையையும் கொடுத்தார்கள். இது உங்களுக்கு உறைக்கவே இல்லையா அம்மா?

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ‘ஜூலியெத்தாவும் ஆவிகளும்’ எடுக்கிறார், 1965ல். புருஷன் மேல் சந்தேகப்படும் மனைவி. துப்பறிகிறவர்களை வைத்து, அவன் இன்னொருத்தியோடு இருப்பதைப் படம் பிடித்து வரச் சொல்லி, அதை இருட்டில் உட்கார்ந்து பார்க்கிறாள். அந்தப் பாத்திரத்துக்கு உங்கள் பெயரையே வைத்து, உங்களையே நடிக்கச் சொல்கிறார். நீங்களும் போய் நடித்துவிட்டு வந்தீர்கள். அதற்குப் பிறகு 1986ல் ‘ஜிஞ்சரும் ஃப்ரெட்டும்’ வரும்வரை, இருபத்தொரு வருடம், அவர் எடுத்த ஒரு படத்திலும் நீங்கள் இல்லை. முடியாது, போ என்று ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் சொல்லாததால் எத்தனை பேருக்கு அது வசதியாகப் போயிற்று தெரியுமா? உங்களைக் காட்டி நான் ஒரு கட்டுரையே எழுதினேனே.

இதை எழுதி முடித்த கையோடு எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன சொல்லவில்லை என்பது வீட்டுக்குள் நடந்தது. எங்கள் வீட்டுக்குள் நடந்ததை நான் சொல்ல மாட்டேன் என்கிறேன். உங்கள் வீட்டு ஜன்னலை மட்டும் எட்டிப் பார்க்கிறேன். அந்த இருபத்தொரு வருடமும் நீங்கள் சும்மா இருந்ததுபோல நான் எழுதியதும் தப்பு. வானொலியில் கடிதங்கள். 1973ல் ‘எலியனோரா’, 1976ல் ‘கமிலா’ என்று தொலைக்காட்சித் தொடர்கள். என் பழைய கட்டுரையில் இவை எதுவுமே கிடையாது. அவர் படத்தில் நீங்கள் இல்லாத வருடங்களில் நீங்களே இல்லை என்பதுபோலத்தான் எழுதியிருந்தேன்.

1945ல் உங்களுக்குப் பிறந்து, அதிக நாள் தங்காமல் போன குழந்தையைப் பற்றியும் அதில் இரண்டு வரி அலங்காரமாக எழுதியிருந்தேன். அதற்கு எந்த நியாயமும் சொல்லப் போவதில்லை.

அவரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். ‘லா ஸ்த்ராதா’வுக்குத் தயாரிப்பாளர் தினோ டி லாரன்டிஸ் தன் மனைவி சில்வானா மங்கானோவைப் போடச் சொன்னபோது, அவர் உங்களைத்தான் வேண்டும் என்று நின்றார். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் ஜெல்சொமினா கிடையாது. அம்மாக்காரி பத்தாயிரம் லிராவுக்கு விற்ற பெண், வண்டி நின்ற இடத்தில் தக்காளி விதை ஊன்றுவாளே, காய்க்கும்வரை அங்கே இருக்கப் போவதில்லை என்று தெரியாமல். அவளை வாங்கிய சம்பானோ அதைப் பார்த்துக் கேலி செய்வான். முன்பெல்லாம் அந்த இடத்தில் நானும் சிரிப்பேன்.

சரி, அந்த அழுகைக்கு வருகிறேன். மார்ச்சில் அந்த மேடை. ஜூனில் சூரிச்சில் அவருக்கு அறுவைச் சிகிச்சை. ஆகஸ்டில் ரிமினியில் பக்கவாதம். அப்புறம் நினைவு தப்பி, ஐம்பதாவது கல்யாண நாளைத் தாண்டி, மறுநாள் அக்டோபர் 31ல் போனார். இறுதிச் சடங்கில், அவர் படங்களுக்கு இசையமைத்த நீனோ ரோத்தாவின் இசையை ட்ரம்பெட்டில் வாசிக்கும்படி மௌரோ மௌரைக் கேட்டுக்கொண்டது நீங்கள். அடுத்த மார்ச் 23, நீங்கள். உங்கள் சடங்கிலும் அதே ட்ரம்பெட். ‘லா ஸ்த்ராதா’ மெட்டுத்தான் வேண்டும் என்று நீங்களே சொல்லி வைத்திருந்தீர்கள். ஜெல்சொமினா ஊதிய ட்ரம்பெட். அவருக்கு என்ன வாசிக்க வேண்டும், உங்களுக்கு என்ன வாசிக்க வேண்டும் என்று இரண்டையும் முடிவு செய்தவரைப் போய் நிழல் என்று எழுதினேன்.

அன்றைக்கு அந்த இருக்கையில் எதற்கு அழுதீர்கள்? சந்தோஷம்தான் என்றால் அது யாருடைய சந்தோஷம்? இனிமேல் நாள் அதிகம் இல்லை என்று தெரிந்துவிட்டதா? இல்லை, தக்காளி ஞாபகமா? நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆட்டோவில் ஒரு தடவை சொன்னதே போதும்.

என் மனைவி இப்போது ஒலிப்புத்தகங்களுக்கு வாசிக்கிறாள். பழைய குரல் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் கனத்திருக்கிறது. யார் கதையை வேண்டுமானாலும் வாசிப்பாள். என் கதையைக் கேட்டு வந்தவர்களிடம் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் காரணம் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் போடும் முன் அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். இந்த விஷயத்தில் கேட்டுவிட்டுச் செய்வது எனக்கு இதுதான் முதல் தடவை. சமையலறை வாசலில் நின்றபடியே வாசித்தாள். பென்சில் கேட்டாள். ஒரே ஒரு வரியை அடித்தாள்.

“மிச்சத்தப் போட்டுக்கோங்க” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அந்த வரி இதில் இல்லை.

அன்புடன்,
அந்தக் கட்டுரையை எழுதியவன்