நெல் காய ஒரு களம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இரண்டு ஏக்கர் காலபோக (மாரிக்கால) நெல் செய்கிறேன். கணவர் இல்லை, பிள்ளைகள் இரண்டு பேர். மெசின் அறுத்துக் கொட்டும் நெல் ஈரம். அரசாங்கக் கொள்வனவில் முழு விலை கிடைக்கவோ ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டக்கூடாது. காயப்போட எனக்குக் களம் இல்லை. இம்முறை வீதிக்கரையில் படங்கு விரித்துப் பரப்பினேன். மத்தியானம் வானம் இருட்டி மழை வந்து, அள்ளி முடிக்கும் முன்னே பாதி நனைந்துவிட்டது. சரி, வந்த விலை போதும் என்று வியாபாரியிடமே கொடுத்தேன். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் லொறிக் கூலி, கடன் இருக்கிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. ஊரில் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு, வங்கி எல்லாம் உண்டு. ஆளுக்கொரு கூட்டம் வைக்கிறார்கள்; எல்லாரும் ஒரே மேசையில் இருந்ததை நான் காணவில்லை. எல்லாரும் ஒரு கூட்டத்தில் சேர்ந்து பேசட்டும்: சங்கம் பொதுக் களத்துக்கு நிலம் தரட்டும், பீடத்தார் உலர்த்தி ஒன்றை அமைத்துக் காட்டட்டும், வங்கி காய்ந்த நெல்லை ஈடாக வைத்துக் கடன் தரட்டும், வியாபாரிகள் அங்கேயே வந்து விலை சொல்லி எடுக்கட்டும்.

அந்தக் கூட்டத்தைப் பின்னேரம் வையுங்கள். காலையில் வயலை விட்டு எங்களால் வர முடியாது.

பெண் விவசாயி,
உருத்திரபுரம், கிளிநொச்சி