பச்ச ஹெல்மெட்டு, நீ போன் போடு!

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

ரோட்ல ஒருத்தர் அடிபட்டுக் கெடந்தா எல்லாரும் வேடிக்கைதான் பாக்கறாங்க, பெங்களூர்ல மனுஷத்தன்மையே செத்துப்போச்சுன்னு போன இதழ்ல ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, படிச்சதுலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு, ஏன்னா அப்படி வேடிக்கை பாத்த கூட்டத்துல நானும் ஒருத்தன். ஓசூர் ரோட்ல பொம்மனஹள்ளி தாண்டி, ராத்திரி எட்டரை இருக்கும், ஒரு பையன் ஸ்கூட்டர் சறுக்கி டிவைடர் ஓரமா கெடக்கான், சுத்தி முப்பது நாப்பது பேர் நிக்கறோம், கையில போன் இருக்கு, ஆனா இத்தன பேர்ல எவனாவது 108க்கு அடிச்சிருப்பான்னு நான் பாட்டுக்கு நின்னுட்டேன். பக்கத்துல நின்னவரும் அதையேதான் நெனச்சாராம், அப்புறம் சொன்னார். போதாக்குறைக்கு என் கன்னடம் காய்கறி வாங்கற அளவுக்குத்தான், போலீஸ் வந்து எதாவது கேட்டா என்னத்த சொல்றது?

ஓரமா பூ கட்டிட்டிருந்த அம்மா ஒருத்தங்க எழுந்து வந்து நேரா என்னப் பாத்து கை நீட்டி, "ஏய் பச்ச ஹெல்மெட்டு, நீ போன் போடுப்பா"ன்னாங்க (தமிழ்னு எப்படித்தான் கண்டுபுடிச்சாங்களோ). அவ்ளோதான், அடிச்சிட்டேன். அடுத்து ஒரு ஆட்டோக்காரரக் காட்டி வண்டிய குறுக்க போடச் சொன்னாங்க, அவரும் போட்டார். அஞ்சு நிமிஷம் மரமா நின்ன அதே ஆளுங்கதான் சார் நாங்க.

இதுக்கு 1968லயே நியூயார்க்ல டார்லி, லட்டானேன்னு ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஹெட்போன்ல ஒருத்தருக்கு வலிப்பு வர்ற மாதிரி சத்தம் போட்டாங்க, தான் மட்டும்தான் கேக்கறோம்னு நெனச்சவங்கள்ல 85 சதவீதம் பேர் வலிப்பு அடங்கறதுக்குள்ள எழுந்து போயிருக்காங்க, இன்னும் நாலு பேர் கேக்கறாங்கன்னு நெனச்சப்போ வெறும் 31. கல் நெஞ்சுன்னு திட்டறதுக்கு முன்னாடி இதயும் யோசிக்கணும்ல.

போலீஸ் பயம் வேற விஷயம். 2016லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துலயும் 134ஏ-ன்னு ஒரு பிரிவா சேத்தாச்சு, அடிபட்டவர ஆஸ்பத்திரில சேத்தவர் பேரக்கூட சொல்ல வேணாம், யாரும் புடிச்சு வைக்கக்கூடாது. இந்த உரிமையெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல போர்டா இருக்கணும்னு விதி. அன்னிக்கு ஆம்புலன்ஸ் பின்னாடியே போய் நின்ன ஆஸ்பத்திரில அப்படி ஒரு போர்டத் தேடினேன். பார்க்கிங் கட்டணம் மட்டும் மூணு பாஷையில எழுதியிருந்துச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகன், அல்சூர், பெங்களூர்