வளையத்தடியில் நிற்கும் மகனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள மகனுக்கு,

சனிக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது மனதில் அப்படியே நிற்கிறது. கூடைப்பந்தாட்ட அணியில் உனக்குச் சொல்வதெல்லாம் இவ்வளவுதானாம்: வளையத்தடியில் நில், உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடித்து ரீபவுண்ட் எடு, எதிராளியின் வழியை உடம்பால் மறித்து ஸ்கிரீன் போடு, மற்றவன் எறிந்தது உள்ளே போனால் கைதட்டு. இதற்காகவா கனடா வரை வந்தேன் என்று கேட்டாய். இனி மாலைப் பயிற்சி முழுவதையும் தூரத்தில் நின்று மூன்று புள்ளி எறிவதற்கே ஒதுக்கப் போகிறேன் என்றாய். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று நீ அவசரப்பட்டதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நிறைய இருக்கிறது. ஆறுதலாக வாசி.

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொழும்பில் உயரமாக வளரும் பிள்ளைக்கு நேர்வது இதுதான். பதின்மூன்று, பதினான்கு வயதில் மற்றவர்களைவிட ஒரு தலை உயர்ந்து நின்றால் பந்தைத் தட்டிச் செல்ல அவனை யாரும் விடுவதில்லை. கையைத் தூக்கிக்கொண்டு வளையத்தடியில் நில் என்பார்கள். அந்த வருடம் அணி வெல்லும், கேடயம் வரும், பிள்ளையின் ஆட்டம் மட்டும் அதே இடத்தில் நின்றுவிடும். உனக்கும் அதுதான் நடந்தது. இங்கே 6 அடி 7 அங்குலம் என்றால் காலி வீதியே திரும்பிப் பார்க்கும். அங்கே உன் அணியிலேயே அந்த உயரத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் பந்தையும் கொண்டு வருகிறான். உயரம் மட்டும் இனிப் போதாது என்று நீயே உணர்ந்துவிட்டாய். அது எனக்குச் சந்தோஷம்.

ஆனால் வளையத்தை விட்டு வெளியே ஓடுவது இதற்கு மருந்தல்ல. நிற்கிற இடத்திலிருந்தே உன் ஆட்டத்தை விரிக்க வேண்டும். முதலில் கால், அடுத்தது கண், அதற்குப் பிறகுதான் தூரம். இந்த வரிசையை மாற்றினால் வெளியே நின்று சுமாராக எறியும் இன்னோர் உயரமான பையனாகிவிடுவாய். அப்படிப்பட்டவர்களுக்கு எந்த அணியிலும் பஞ்சமில்லை.

காலைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. பாடசாலையில் வலைப்பந்தாட்ட அணிக்கு, வளையத்தில் பந்து போடும் கோல் ஷூட்டராக ஆடியவள் நான். எங்கள் வளையமும் உங்களுடையதைப் போல 3.05 மீற்றர் உயரம்தான். ஆனால் பின்னால் பலகை இல்லை, பந்தைத் தட்டிக்கொண்டு நகர வழியில்லை, 3 விநாடிக்குள் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். ஆகவே பந்து வருவதற்கு முன்பே எங்கே நிற்கிறோம், எந்தக் காலில் இறங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தர்ஜினி சிவலிங்கத்தை எடுத்துக்கொள். யாழ்ப்பாணத்துப் பெண், 6 அடி 10 அங்குலம். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலக வலைப்பந்தாட்டச் சம்பியன்ஷிப்பில் சிறந்த ஷூட்டர் அவர்தான். உயரம் இருந்தது, போட்டார் என்று பேசுபவர்கள் அவருடைய ஆட்டத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள். பந்து புறப்படும் முன்பே இடம் பிடித்து எதிராளியைப் பின்னால் நிறுத்திவிடுவார். உயரே வரும் பந்தைத் தலைக்கு மேலே பிடித்து, கீழே இறக்காமல் அங்கிருந்தே எறிவார்.

இப்போது நீ அனுப்பிய காணொளிக்கு வருகிறேன். மூன்றாவது கால்பகுதியை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வளையத்துக்குப் பக்கத்தில், அருமையான இடத்தில் உனக்குப் பந்து கிடைக்கிறது. பிடித்த கையோடு அதை இடுப்புக்கு இறக்குகிறாய். அந்தக் கணத்தில், உன் தோளுக்குக்கூட எட்டாத ஒரு பையன் பக்கவாட்டில் வந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போகிறான். உன் உயரத்தை நீயே குனிந்து அவனுக்குக் கொடுத்துவிட்டாய். பந்து உன் நாடிக்குக் கீழே இறங்கவே கூடாது. முழங்கைகளை விரித்து, பந்தை நாடியடியில் இறுக்கிப் பிடி. பிறகு தோளுக்கு மேலாக ஒரு தடவை பின்னால் பார். பின்னால் நிற்பவன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டு மறுபக்கம் திரும்பு. நீ பார்க்காமலே ஒவ்வொரு தடவையும் வலப்பக்கமே திரும்புகிறாய். எதிரணிக்கு அது இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிட்டது.

இப்படித் திரும்புவதைக் கலையாகவே ஆக்கியவர் ஹக்கீம் ஒலாஜுவான். நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர். சிறு வயதில் அவர் ஆடியது உதைபந்தாட்டமும் ஹேண்ட்போலும்; கூடைப்பந்தாட்டத்துக்குப் பதின்ம வயதில்தான் வந்தார். கோல் காப்பாளராக நின்று பழகிய அந்தக் கால்கள்தான் 1994இலும் 1995இலும் ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் அணிக்கு, வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யின் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தன. அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடிப் பார். பார்க்கும்போது பந்தை மறந்துவிட்டு அவருடைய பாதங்களை மட்டும் கவனி.

இரண்டு பக்கமும் திரும்ப வேண்டுமென்றால் இடக்கையும் பழக வேண்டும். அதற்கு மைக்கன் பயிற்சியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. வளையத்தின் வலப்பக்கம் வலக்கையால் போட்டு, வலையிலிருந்து விழும் பந்தைத் தரையில் படவிடாமல் பிடித்து, இடப்பக்கம் இடக்கையால் போட வேண்டும். நிறுத்தாமல் இப்படியே மாறி மாறி. சின்னப் பிள்ளைகளின் பயிற்சி என்று ஒதுக்காதே. அதற்குப் பெயர் கொடுத்த ஜோர்ஜ் மைக்கன் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. அவரை அடக்குவதற்காகவே 1951இல் என்.பி.ஏ. வளையத்தடிப் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது.

நான் உன்னிடம் அதிகம் சொல்ல விரும்புவது கண்ணைப் பற்றி. மற்றவர்களின் தலைக்கு மேலாக முழு மைதானமும் தெரிகிற ஒருவன் பாஸ் கொடுக்கப் பழகாமல் இருப்பது பெரிய நட்டம். லித்துவேனியாவின் ஆர்விடாஸ் சபோனிஸை என்.பி.ஏ.யின் போர்ட்லண்ட் அணி 1986இல் புதிய வீரர் தெரிவில் எடுத்தது. அவர் அங்கே போய் ஆடத் தொடங்கியது 1995இல். அப்போது வயது 30. குதிகால் தசைநார்க் காயங்களால் குதிக்கும் சக்தி எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனால் வெட்டி ஓடுகிற சக வீரனின் கையில் பந்தைக் கொண்டுபோய் வைக்கிற அந்தக் கண் போகவில்லை. இன்றைக்கு நிக்கோலா யோக்கிச்சைப் பார். 2014இல் அதே புதிய வீரர் தெரிவில் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். வேகமும் இல்லை, உயரக் குதிப்பவரும் அல்ல. 2021, 2022, 2024 ஆகிய மூன்று வருடங்களிலும் மிகப் பெறுமதிமிக்க வீரர் விருதைப் பெற்றார். 2023இல் தன் டென்வர் அணிக்கு முதல் என்.பி.ஏ. கிண்ணத்தைக் கொடுத்தார். பந்து கைக்கு வருவதற்கு முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நீ வெறுக்கிற ஸ்கிரீன் வேலையிலேயே இதைத் தொடங்கலாம். நீ ஸ்கிரீன் போடுகிறாய், பந்தோடு வருகிற உன் ஆள் அதை உரசிக்கொண்டு போகிறான், எதிரணியில் இரண்டு பேர் அவன்மேல் பாய்கிறார்கள். நீ இப்போது வளையத்தடி வரை ஓடிவிடுகிறாய். அங்கே ஏற்கனவே நெரிசல். அதற்குப் பதிலாக பிரீ த்ரோ கோட்டுக்கு, எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தண்ட எறியை எறிகிற அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, கையைக் காட்டிப் பந்தை வாங்கிப் பார். உன் முன்னால் இருப்பது மூன்று பேர், உன் பக்கம் நான்கு பேர். வளையத்தடியில் நிற்கும் எதிராளியை மட்டும் பார். அவன் உன்னை நோக்கி வந்தால் மூலையில் நிற்பவனோ வளையத்தடியில் காத்திருப்பவனோ தனித்துவிடுவான். பந்து அங்கே போக வேண்டும். அவன் வரவில்லையென்றால் ஒரே தட்டு, இரண்டு காலடி, நீயே முடித்துவிடு. யோசிக்க ஒரு விநாடிகூடக் கிடைக்காது. பயிற்சி முடிந்த பிறகு மூன்று நண்பர்களை நிறுத்திவைத்து, அதில் ஒருவனைத் தன் இஷ்டத்துக்கு வரவும் நிற்கவும் சொல்லி, கண் பழகும் வரை இதைச் செய். ரீபவுண்ட் எடுத்தவுடன் சின்னவன் வந்து வாங்கட்டும் என்று காத்திருக்காமல், நடுக்கோடு வரையாவது நீயே தட்டிக்கொண்டு போகவும் பழகு. தலை நிமிர்ந்திருக்கட்டும்.

இது நம் ஆட்களுக்குப் புதிய விடயமல்ல. உன் பெரிய மாமா மட்டக்களப்பில் ஆடியவர். அங்கே புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர் யூஜின் ஹெபர்ட் அடிகளார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. 1990இல் போர்ச்சூழலில் காணாமற்போனார். அந்த ஊரில் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் சற்று நேரம் மௌனமாகிவிடுவார்கள். தங்கள் அணிகளில் மிக உயரமானவர்கள் அபூர்வம் என்பதால் ஐந்து பேரும் பந்தைத் தட்டவும் பாஸ் கொடுக்கவும் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்று மாமா சொல்வார். உன்னோடு அவர் கதைக்க ஆசைப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அழைப்பு எடு.

இனி நீ ஆசைப்படுகிற தூரம். அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. புரூக் லோபஸ் என்.பி.ஏ.யில் முதல் 8 பருவங்களிலும் சேர்த்துப் போட்ட மூன்று புள்ளி எறிகள் வெறும் 3. அடுத்த பருவமான 2016-17இல் மட்டும் 134 போட்டார். ஆனால் அதற்கு முன்பே அவர் வளையத்தடியில் நம்பிப் பந்து கொடுக்கக்கூடியவராகவும், கிட்டிய தூரத்தில் மென்மையான கை உள்ளவராகவும் இருந்தார் என்பதை மறக்காதே. நீ பிரீ த்ரோவிலிருந்து தொடங்கு. பலகையிலிருந்து 4.60 மீற்றர், யாரும் மறிப்பதில்லை, அவசரமுமில்லை. அங்கே தடுமாறுகிற கை 6.75 மீற்றரில் சரியாகாது. உன்னைத்தான் எல்லோரும் அடித்து நிறுத்துகிறார்கள், ஆகவே அந்தப் புள்ளிகள் அணிக்கும் தேவை. அது நிலைத்த பிறகு மூலைக்குப் போ. அங்கே கோடு 6.60 மீற்றர்தான், கொஞ்சம் கிட்ட.

தடுப்பாட்டத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். சின்ன ஆட்டக்காரன் உன் முன்னால் வந்து நிற்கும்போது நிமிர்ந்து நின்று கையை வீசுகிறாய். இடுப்பை இறக்கி, ஒரு கை தூரம் விட்டு, காலால் அவனோடு நகர். வளையத்தடியில் நேராக மேலே குதித்தால், கையும் நேராக இருந்தால், அவன் வந்து மோதினாலும் அது உன் தவறாகாது.

உடம்பைக் கவனி. உன் உயரத்துக்குக் கணுக்காலும் முழங்காலும்தான் முதலில் முறையிடும். கயிறு தாண்டுவதை விடாதே. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியாமல் இறங்கப் பழகு. இரவில் கைத்தொலைபேசியை வைத்துவிட்டுத் தூங்கு. அப்பா இங்கிருந்து ஒரு பொதி அனுப்புகிறார். மாசிக் கருவாடும் ஒடியல் மாவும் இருக்கும்.

பயிற்றுவிப்பாளரிடம் போய் "என்னை வெளியே ஆடவிடுங்கள்" என்று கேட்காதே. "ஸ்கிரீனுக்குப் பிறகு பிரீ த்ரோ கோட்டில் பந்தை வாங்கிப் பார்க்கலாமா?" என்று கேள். அதை அவரால் பயிற்சியிலேயே சோதித்துப் பார்க்க முடியும். நீ கொடுக்கிற பாஸில் மூலையில் நிற்பவன் இரண்டு தடவை புள்ளி எடுத்துவிட்டால், அதற்கு மேல் அவன்தான் உனக்குப் பந்து தரச் சொல்லிக் கேட்பான்.

அடுத்த ஆட்டத்தின் காணொளியை அனுப்பும்போது நீ புள்ளி எடுத்த இடங்களை மட்டும் வெட்டி அனுப்பாதே. முழு ஆட்டத்தையும் அனுப்பு. பந்து உன் கையில் இல்லாத நேரத்தில் நீ எங்கே நிற்கிறாய், எதைப் பார்க்கிறாய் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா