திருவல்லிக்கேணியில் என்னென்ன மிச்சம் இருக்கிறது?

அன்புள்ள நண்பா,

மெயில் பார்த்தேன். அடுத்த மாசம் பையனோடு சென்னை வருகிறாய், நாம் அறை எடுத்துத் தங்கியிருந்த மேன்ஷனையும் சாப்பிட்ட இடங்களையும் அவனுக்குக் காட்ட வேண்டும், எதெல்லாம் இன்னும் இருக்கிறது என்று பட்டியல் போட்டு அனுப்பு என்கிறாய். பட்டியல் போடுகிற ஆள் நான் இல்லை என்று உனக்கே தெரியும். தோன்றுகிறபடி எழுதுகிறேன், வேண்டியதை நீயே பொறுக்கிக்கொள்.

முதலில் நல்ல செய்தி. ரத்னா கஃபே இருக்கிறது. 1948-இல் ஆரம்பித்த கடை, இன்னமும் இட்லி முங்குகிற அளவுக்குச் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போகிறார்கள், போனவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை ஊற்றச் சொல்லும் உரிமையும் நமக்கு அப்படியே இருக்கிறது. ஊருக்குள் வேறு இடங்களிலும் கிளை வந்துவிட்டது, ஆனால் நீ இங்கேயே வா. கொஞ்ச நாள் முன்னால் அங்கே என் எதிரே உட்கார்ந்த ஒரு பெரியவர், வடக்கத்திக்காரர்கள் வந்து நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடையெல்லாம் போய்விட்டது என்று ஒரே புலம்பல். இந்தக் கடையைத் தொடங்கியதே உத்தரப் பிரதேசத்து மதுராவிலிருந்து வந்த குப்தா குடும்பம்தான் சார் என்றேன். "மதுரையா?" என்றார். இல்லை, மதுரா என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார்.

சேப்பாக்கம் நாயர் மெஸ்ஸும் இருக்கிறது. 1961-லிருந்து நடக்கிற இடம். மதியம் ஒரு மணிக்குப் போனால் சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் எப்போது கடைசிச் சோற்றுக்கு வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அந்த மானக்கேடு மட்டும் மாறவில்லை. உன் பையனுக்கு மீன் பிடிக்கும் என்றால் பன்னிரண்டரைக்கே போய்விடுவோம்.

இனி கெட்ட செய்தி. நாம் மாசக் கணக்கு வைத்துச் சாப்பிட்ட மெஸ் போய்விட்டது. தெருவில் எல்லோரும் சொல்வது, "பழைய ருசி இல்லப்பா, அதான் மூடிட்டாங்க" என்று. சுத்தப் பொய். மூடுகிற வாரத்தில்கூட இலை போட இடம் கிடைக்காமல் ஆட்கள் படிக்கட்டில் காத்திருந்தார்கள், நானும் அதில் ஒருத்தன். விஷயம் என்னவென்றால் அந்தக் கட்டடம் மெஸ்காரருடையது இல்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்காரப் பெரியவர் வாய்ப்பேச்சாக விட்ட இடம், பகடி என்று முன்பணமாக ஏதோ ஒரு தொகை, அப்புறம் வருஷக்கணக்காக உயராத வாடகை. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை இது ஓடியது, வாடகையில் தகராறு வந்தால் நியாய வாடகை என்று கோர்ட் ஒன்றை நிர்ணயிக்கும், இஷ்டத்துக்குக் காலி பண்ணச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக 2017-இல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ஆம் தேதி அமலுக்கு வந்தது. இப்போது எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், வாடகை அதில் எழுதியபடி, ஒப்பந்தம் போடவில்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம். இதற்குள் பெரியவர் காலமாகிவிட்டார். வாரிசுகளில் பாதிப் பேர் வெளிநாட்டில், யாருக்கும் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டைக் கட்டடத்தை வைத்துக்கொண்டு மாரடிக்க விருப்பமில்லை, பில்டர் ஒருத்தர் வந்து விலை சொன்னார், முடிந்தது.

வீட்டுக்காரர் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மெஸ்காரர் கொடுத்த வாடகையில் அந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கக்கூட முடியாது. நாம் குறைந்த விலைக்குச் சாப்பிட்ட சாப்பாட்டில் ஒரு பங்கு அந்தப் பெரியவர் கையிலிருந்து போனதுதான், அது நமக்கு அப்போது தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். மெஸ்காரர் வேறு இடம் பார்த்தார். அங்கே அவர்கள் சொன்ன அட்வான்ஸைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். மகள் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், "அப்பா, போதும், நாலு மணிக்கு எழுந்தது போதும்" என்று சொல்லிவிட்டாளாம். அவரைக் கோயில் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். ஆள் இளைத்து நன்றாக இருக்கிறார், உன்னை விசாரித்தார், அந்த ரசம் ஆளு எப்படி இருக்கான் என்றுதான் கேட்டார்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கடையில் சாப்பிட்டாலும் காசு கொடுக்கும்போது கல்லாவில் இருப்பவரிடம் "சொந்த இடமா?" என்று கேட்டுவிடுவேன். பாதிப் பேர் என்னை இன்கம்டாக்ஸ் ஆள் என்று நினைக்கிறார்கள். ஆமாம் என்று பதில் வந்தால் அந்தக் கடை இன்னும் பல காலம் இருக்கும், நிம்மதியாகப் போய்வரலாம். இல்லை என்றால் சாப்பிட வேண்டியதைச் சீக்கிரம் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். சமையல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது இதற்கெல்லாம் அப்புறம்.

சின்ன ஓட்டல் கணக்கு நாம் நினைத்த மாதிரி அரிசி பருப்புக் கணக்கு மட்டும் இல்லை. கடைக்காரர்களிடம் பேசிப் பேசி எனக்கே பாதி தெரிந்துவிட்டது. 19 கிலோ சிலிண்டர் விலை மாசம் முதல் தேதியில் ஏறும் இறங்கும், அதற்காக இட்லி விலையை மாசாமாசம் மாற்ற முடியுமா? ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தபோது ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. போட்டால் 18, அப்புறம் அதே வருஷம் நவம்பரில் 5 சதவீதம் என்று குறைத்தார்கள், சாப்பிடுகிறவனுக்குச் சந்தோஷம். ஆனால் அந்த ஐந்தில் இருக்கிற ஓட்டல்காரர் தான் வாங்கும் பொருளுக்கும், வரியோடு கொடுக்கும் கடை வாடகைக்கும் கட்டின ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. வாடகைக்கு 18 சதவீதம். அது எங்கே போய்ச் சேரும்? காபி டம்ளர் அளவில் போய்ச் சேரும். இப்போது டம்ளரைப் பார்த்தால் உனக்கே புரியும்.

நம் மேன்ஷனுக்குக் கீழே இருந்த அந்தச் சின்னக் கடை ஞாபகம் இருக்கிறதா, ராத்திரி பத்து மணிக்கு மேல் கட்டணம் குறையும் என்று வரிசையில் நின்று ஊருக்குப் போன் பேசுவோமே? அதன் கதையை மட்டும் எழுதினாலே இந்தப் பேட்டையின் கதை வந்துவிடும். எஸ்டிடி பூத் போய் ஜெராக்ஸ் வந்தது, ஜெராக்ஸோடு பிரவுசிங் சென்டர், கதவு போட்ட சின்னச் சின்ன கேபின். அது போய் ரீசார்ஜ் கடை, சிம் கார்டு. ரீசார்ஜை எல்லோரும் தாங்களே போனில் செய்துகொள்ள ஆரம்பித்ததும் போன் கவர், கண்ணாடி ஒட்டுகிற கடை. கொரோனா சமயத்தில் முகக்கவசம் விற்றார்கள். அப்புறம் ஒரு பையன் பிரான்சைஸ் எடுத்து டீக்கடை போட்டான், இருபது வகை டீ, மண் கப், சுவரில் நியான் எழுத்து, வருகிறவர்கள் உட்கார மூங்கில் முக்காலி. எனக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, டீ பிடிக்கவில்லை. கம்பெனிக்குக் கட்டிய பணம், கடன் தவணை, வாடகை எல்லாம் போக அவனுக்கு என்ன மிஞ்சும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே டீ குடிப்பேன், ஒரு நாள் ஷட்டர் இறங்கியே இருந்தது. எதிரே பழைய பாய் டீக்கடை, பெயர்ப் பலகைகூட இல்லாத கடை, அது அப்படியே நடக்கிறது. சொந்த இடமா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தச் சின்னக் கடையில் இப்போது மோமோ.

தெருமுனை மளிகைக் கடையும் இல்லை. அதைவிட வினோதம், அந்த இடத்தில் வந்தது ஒரு கடையே இல்லை. பாதி இறக்கின ஷட்டர், உள்ளே விளக்கு, ரேக் ரேக்காகச் சாமான், வாசலில் வரிசையாக பைக். நாம் உள்ளே போய் ஒரு தீப்பெட்டி வாங்க முடியாது, போனில் சொன்னால்தான் அங்கிருந்து பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வருமாம். என் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் இருக்கிற கடையிலிருந்து சாமான் வாங்க நான் ஒரு ஆப்பில் முகவரி கொடுக்க வேண்டும். வீட்டம்மா இது வசதி என்கிறாள், நான் சண்டை போடவில்லை. மாசக் கடைசியில் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ளும் அண்ணாச்சிதான் எனக்குக் கடை. அந்த நோட்டு எங்குமே இல்லை இப்போது. காய்க்காரம்மா தள்ளுவண்டியில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது, காசு வந்ததும் பெட்டி கத்துகிறது, சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் கெட்ட பழக்கம் மட்டும் அதனால் ஒழிந்தது.

மேன்ஷன் நிற்கிறது. மாடியில் அதே தண்ணீர்ப் பிரச்சினை, அதே வராந்தா. நம் காலத்தில் வேலை தேடுகிறவன், சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிறவன், மெடிக்கல் ரெப் என்று இருந்தோம், இப்போது பாதி அறைகளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள். கம்பெனி டீ-ஷர்ட் கொடியில் காய்கிறது. ஊருக்கெல்லாம் பிரியாணி சுமந்துவிட்டு ராத்திரி வந்து அவர்கள் சாப்பிடுவது கையேந்தி பவனில்தான். தோசை மாஸ்டர்களில் பலர் இப்போது ஒடிசா, பிகார், அசாம் பையன்கள். குறை சொல்ல முடியாது, கல்லில் மாவை இழுக்கிற கை சுத்தமாக இருக்கிறது. அவர்களில் ஒருவனிடம் நெய் தோசை முறுகலாக வேண்டும் என்றேன், "நல்லா மொறு மொறுன்னு தரேன் அண்ணா" என்றான். நம்மோடு மேன்ஷனில் இருந்த அந்த டில்லிக்காரன் கடைசிவரை தமிழில் எண்ணக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை, நினைவிருக்கிறதா?

ஓமந்தூரார் வளாகத்தில் புதிய சட்டசபைக்காகக் கட்டிய கட்டடம் 2014-இல் பெரிய அரசு ஆஸ்பத்திரி ஆகிவிட்டது, நீ அப்போதே ஊரைவிட்டுப் போய்விட்டாய். வாலாஜா ரோடு பக்கமெல்லாம் அதன் பிறகு மருந்துக்கடை, ஜூஸ் கடை, வெளியூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கான கலவைசாதக் கடை. பிரசவம் பார்க்கும் கோஷா ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் பழையபடி பால், பன், பிளாஸ்க். அம்மா உணவகம் 2013-இல் வந்தது, ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி. அது நம் காலத்தில் இருந்திருந்தால் மாசக் கடைசியில் நீ என் பெட்டியில் கைவைத்திருக்க மாட்டாய் (இதை உன் பையன் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்).

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பாரதி சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, ஆனால் நாவலைத் தேடினால் கைடும் நுழைவுத்தேர்வுப் புத்தகமும்தான் கையில் அகப்படுகிறது. 1904-இல் தொடங்கின நம் டி.யு.சி.எஸ். கூட்டுறவுச் சங்கம் ரேஷன் கடை, சூப்பர் மார்க்கெட் என்று ஏதோ ஒரு வகையில் உயிரோடு இருக்கிறது, இந்தப் பேட்டையில் பெருமைப்பட இன்னும் அது ஒன்று உண்டு. மவுண்ட் ரோடு சாந்தி தியேட்டர் 2016-இல் மூடியது. தேவிக்குப் போகலாம். பிளாஸ்டிக்கை 2019 ஜனவரியிலிருந்து தடை செய்ததால் பார்சல் வாழையிலைக்குத் திரும்பிய இடங்களும் உண்டு, சட்டமே தெரியாத மாதிரி சாம்பாரைப் பையில் கட்டித் தருகிற இடங்களும் உண்டு. மெட்ரோ 2019-லிருந்து மவுண்ட் ரோட்டுக்குக் கீழே ஓடுகிறது. சென்ட்ரலில் இறங்கினால் அரசினர் தோட்டம் அடுத்த ஸ்டேஷன், அங்கிருந்து நடந்தே வந்துவிடலாம், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி நாளைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பையனிடம் இங்கே இது இருந்தது, அங்கே அது இருந்தது என்றே காட்டிக்கொண்டு போகாதே, அரைமணி நேரத்தில் போனை எடுத்துவிடுவான். என் மகனை அப்படி ஒரு தடவை கூட்டிப்போய்விட்டு அனுபவத்தில் சொல்கிறேன். அவனுக்குப் பிடித்தது அந்த மோமோ கடை. விற்கிற பையன் டார்ஜிலிங்காரன், இவனும் அவனும் கிரிக்கெட் பேசிக்கொண்டு நின்றார்கள், நான் எஸ்டிடி பூத்தைப் பற்றிச் சொன்னது ஒருத்தர் காதிலும் விழவில்லை.

ரயில் டிக்கெட் எடுத்துவிட்டால் தேதியைச் சொல், சனிக்கிழமையாக இருந்தால் எனக்கு வசதி. நம் வீட்டில்தான் தங்க வேண்டும், லாட்ஜ் அது இது என்று பேசாதே. மெஸ்காரரிடம் நீ வருவதைச் சொல்லியிருக்கிறேன், "வீட்டில் ரசம் வைக்கச் சொல்கிறேன், ஆனால் மகள்தான் சமைப்பாள்" என்று முன்கூட்டியே எச்சரித்தார். போபாலிலிருந்து வரும்போது அங்கே கிடைக்கிற அந்தச் சேவு ரெண்டு பாக்கெட் எடுத்துவா, காரமாக இருப்பதைப் பார்த்து வாங்கு.

உன் பழைய அறைத்தோழன்